கென்யாவின் நன்னீர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கிழக்கு ஆப்பிரிக்க வறட்சியைப் பற்றி எழுதியபோது, கென்யா நீர்ப் பற்றாக்குறை நாடுகளின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஒரே செய்தியைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கென்யாவுக்கு விக்டோரியா ஏரியில் பங்கு இருக்கிறது. உச்சியில் பனி உறைந்த மலையும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் தண்ணீர் இல்லை என்பது அரசின் திறமைக் குறைவை மறைக்கச் சொல்லும் காரணம்தானே? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பாதி அப்படித்தான். ஆனால் மறு பாதியை முதலில் பார்த்துவிடுவது நியாயம்.

கென்யாவின் பரப்பு ஏறத்தாழ 5,80,000 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு வறண்ட நிலம், அல்லது அதற்கு அடுத்த நிலையில் உள்ள அரைவறண்ட நிலம். கென்யா மலை, அபர்டேர் தொடர், மாவ் காடு, எல்கோன் மலை, செரங்கானி குன்றுகள் என்ற ஐந்து மேட்டுக்காடுகளில்தான் நாட்டின் பெரிய ஆறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. அதனால் அவற்றை அங்கே 'நீர்க் கோபுரங்கள்' என்றே அழைக்கிறார்கள். விக்டோரியா ஏரியின் நீர்ப்பரப்பில் கென்யாவின் பங்கு 6 சதவீதம் மட்டுமே. அந்த ஏரியும் நாட்டின் மேற்கு மூலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அதற்கும் நீர் தேவைப்படும் வடக்கு, கிழக்கு மாவட்டங்களுக்கும் நடுவே, நாட்டை வடக்கு தெற்காகப் பிளந்து செல்லும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் இருபக்க மேட்டுநிலம் நிற்பதால், ஏரி நீரை மேலேற்றிக் கொண்டுசெல்வது மின்கட்டணத்திலேயே கட்டுப்படியாகாத காரியம்.

இனி எண்ணிக்கை. ஓர் ஆண்டில் ஆளுக்கு 1,000 கனமீட்டருக்குக் கீழே புதுப்பிக்கப்படும் நீர் உள்ள நாடு பற்றாக்குறை நாடு என்பது, சுவீடனைச் சேர்ந்த நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்த அளவுகோல். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி கென்யாவுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் நீர் சுமார் 3,070 கோடி கனமீட்டர். 1962ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மக்கள்தொகை 86 இலட்சம். அன்று அந்த நீரை வகுத்திருந்தால் ஆளுக்கு 3,500 கனமீட்டருக்கு மேல் வந்திருக்கும். 2019இல் மக்கள்தொகை 4.76 கோடியானபோது அதே நீர் ஆளுக்கு 650 கனமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த 3,070 கோடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எல்லைக்கு அப்பாலிருந்து வருவது. அதில் பெரும்பகுதி எத்தியோப்பியாவின் ஓமோ ஆறு துர்கானா ஏரியில் கொண்டுவந்து கொட்டும் நீர். துர்கானாவோ உவர் ஏரி. காகிதத்தில் இருக்கும் இந்த நீரைக் குடத்தில் எடுக்க முடியாது.

அரசின் பங்குக்கு இப்போது வரலாம். நகரக் குழாய்களில் விடப்படும் நீரில் சுமார் 45 சதவீதம், கசிவாலும் திருட்டு இணைப்பாலும் ஓடாத மீட்டராலும் கணக்கில் வராமல் போகிறது என்று அந்நாட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்கின்றன. கிடைக்கும் நீரில் பாதியை வழியில் விட்டுவிட்டு இயற்கையைக் குறை கூறுவது எடுபடாது. அந்த அளவில் உங்கள் ஐயம் சரியே.

நைரோபியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் குழாயில் தண்ணீர் வருகிறது; மற்ற நாள்களில் லாரித் தண்ணீர்தான். அணை நிரம்பிய செய்தி வந்த வாரத்திலும் இதே நிலைதான். ஏன்? (நைரோபியில் பணிபுரியும் ஒரு தமிழ் வாசகர்)

1899இல் இரயில்பாதை போடும் கூடாரமாகத் தொடங்கிய நகரம் அது. முதலில் கிகுயு ஊற்றுகள் போதுமானவையாக இருந்தன. பிறகு ருயிரு அணை, 1950களில் சசுமுவா அணை, கடைசியாக 1994இல் திக்கா ஆற்றின் குறுக்கே ண்டகாயினி அணை என்று, நகரம் வளர வளர ஒவ்வொரு முறையும் வடக்கே இன்னும் சற்றுத் தொலைவு போய் நீர் தேடியிருக்கிறது. ண்டகாயினியின் கொள்ளளவு 7 கோடி கனமீட்டர். நகரத்துக்கு வரும் நீரில் ஏறத்தாழ 85 சதவீதம் அங்கிருந்து வருவது. ஒரே அணையை இவ்வளவு நம்பியிருப்பது எந்த நகரத்துக்கும் நல்லதில்லை.

அணை நிரம்பியும் குழாய் வறண்டிருப்பதற்குக் காரணம், நகரத்தின் தேவைக்கும் சுத்திகரித்து அனுப்பும் திறனுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளி. நாளொன்றுக்குச் சுமார் 52 கோடி லிட்டர் மட்டுமே அனுப்பக்கூடிய அமைப்பு, 80 கோடி லிட்டருக்கு மேல் கேட்கும் நகரத்துக்கு முறை வைத்துத்தான் திறந்துவிட முடியும். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே முராங்கா மாவட்டத்தில் மரகுவா, கிகிகியே, இராத்தி ஆறுகளின் வெள்ளநீரைத் திருப்பிவிடும் 11.8 கிலோமீட்டர் சுரங்கவழி வெட்டப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. அணையும் சுரங்கமும் இருக்கும் முராங்கா மக்கள், தங்கள் ஊற்றுகள் வற்றிவிடுமோ என்று அஞ்சுவதோடு, நைரோபி வசூலிக்கும் தண்ணீர்க் கட்டணத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கோரிக்கையில் தவறு தெரியவில்லை.

வரைபடத்தைப் பார்க்காதவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தியும் உண்டு. நைரோபி இருப்பது ஆத்தி ஆற்றுப் படுகையில். அது குடிப்பதோ தானா ஆற்றுப் படுகையின் நீரை. தானாவிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டுக் கழிவை ஆத்தியில் விடுகிறது. அந்த ஆத்தியின் கீழ்ப்பகுதியில், மக்குவேனி மாவட்டத்தில் கட்டப்பட்டுவரும் த்வாக்கே அணையின் நீர் குடிக்கத் தகுந்ததாக இருக்குமா என்ற கேள்வி அந்நாட்டிலேயே எழுந்திருக்கிறது.

உங்கள் குடியிருப்பில் நிலத்தடித் தொட்டி இருக்கும், லாரி வரவழைக்கப் பணம் இருக்கும். மத்தாரே, கிபேரா போன்ற நெருக்கமான குடிசைப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே பெண்கள் சமையல் எண்ணெய் வந்த 20 லிட்டர் மஞ்சள் கேன்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் கடைக்கு வந்து, கயிறு கட்டியதுபோல் வரிசையில் கேனை வைத்துவிட்டு நிழலில் காத்திருப்பார்கள். குழாய் நின்றுவிட்ட நாளில், தள்ளுவண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக வரும் விற்பனையாளர் சொல்வதுதான் விலை. 2015இல் மத்தாரேயில் அட்டை வைத்து நீர் பிடிக்கும் தானியங்கிகள் வந்தபோது 20 லிட்டருக்கு அரை ஷில்லிங் என்று விலை வைத்தார்கள். தள்ளுவண்டிக்காரரின் விலை இதைப்போல் பல மடங்கு. வீட்டிணைப்பு வைத்திருப்பவர் குறைந்த விலையிலும், இணைப்பே இல்லாத கூலித் தொழிலாளி அதிக விலையிலும் ஒரே நீரை வாங்குவதுதான், என் பார்வையில், கென்யாவின் நீர் நிர்வாகத்தில் முதலில் தீர்க்க வேண்டிய குறை. புதிய அணைகள் எத்தனை வந்தாலும் அவை மட்டும் இதைத் தீர்க்காது.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவன் நான். கென்யாவில் மணலுக்குள்ளேயே நீரைத் தேக்கும் அணைகள் உண்டு என்று கட்டுரையில் இருந்தது. அது எப்படி இயங்குகிறது? (வாணியம்பாடியிலிருந்து ஒரு விவசாயி)

நைரோபிக்குத் தென்கிழக்கே மச்சாக்கோஸ், மக்குவேனி, கிதுயி ஆகிய மாவட்டங்கள் சேர்ந்த பகுதியில் கம்பா மக்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள ஆறுகளில் பெரும்பாலானவை மழை பெய்யும் சில நாள்களில் மட்டும் புரண்டோடி, பிறகு மாதக்கணக்கில் வெறும் மணலாகக் கிடப்பவை. ஆற்றுக்குக் குறுக்கே, அடியில் பாறை அதிக ஆழமின்றித் தட்டுப்படும் இடமாகப் பார்த்து, அந்தப் பாறையிலேயே கால் ஊன்றிக் கல்லும் சிமெண்டும் கொண்டு ஒரு சுவர் எழுப்புகிறார்கள். உயரம் ஓரிரு மீட்டரிலிருந்து நான்கைந்து மீட்டர் வரை இருக்கும். வெள்ளம் வரும்போது எடை கூடிய பருமணல் சுவருக்குப் பின்னால் படிகிறது. மெல்லிய வண்டல் நீரோடு மேலேறிச் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு சில மழைக்காலங்களில் சுவரின் விளிம்புவரை மணல் நிரம்பிவிடும். பார்ப்பவருக்கு அது தூர்ந்துபோன தடுப்பணையாகத் தெரியும். உண்மையில் அப்போதுதான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. மணல்துகள்களுக்கு இடையே உள்ள வெளியில், மொத்தக் கன அளவில் 25 முதல் 40 சதவீதம் வரை நீர் தங்கும். மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ இரண்டடிக்குக் கீழே வெயில் அந்த நீரைத் தொடுவதில்லை. கொசு முட்டையிடவும் இடமில்லை. மாடு இறங்கிக் கலக்கவும் வழியில்லை. சுவரின் அடியில் குழாய் பதித்தோ, கரையில் உறைகிணறு இறக்கிக் கைப்பம்பு வைத்தோ, நீங்கள் செய்ததைப் போலவே மணலில் ஊற்றுத் தோண்டியோ எடுக்கிறார்கள்.

கட்டுவது பெரும்பாலும் ஊர்க்குழுக்கள்தான். 'முவேத்யா' என்று கம்பா மக்கள் அழைக்கும் கூட்டுழைப்பு முறையில், கல் சுமப்பதும் மணல் அள்ளுவதும் கலவைக்கு நீர் கொண்டுவருவதும் ஊராரின் பொறுப்பு. சிமெண்டும் கம்பியும் பொறியாளரும் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு. ஊரார் பட்டியலில் பெண்களின் பெயர்களே மிகுதி, ஏனெனில் அணை இல்லாவிட்டால் கழுதையை ஓட்டிக்கொண்டு பல மணி நேரம் நீர் தேடிப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எல்லா இடத்திலும் இது பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே உள்ள நிலம் களிமண்ணாக இருந்தாலோ, சரிவுகளில் மண்ணரிப்பு மிகுந்தாலோ, பருமணலுக்குப் பதில் சேறு படிந்து அணை வீணாகிவிடும். ஆகவே அணை கட்டும் குழுவே மேட்டுச் சரிவுகளில் 'ஃபான்யா ஜூ' எனப்படும் படிவரப்புகளையும் வெட்டுகிறது. வாய்க்கால் தோண்டிய மண்ணை மேல்பக்கமாக எறிந்து வரப்பாக்கி, அதில் புல் நடுவது அந்த முறை. அடுத்த பகை மணல் கொள்ளை. நைரோபியின் கட்டடங்களுக்காக லாரிகள் இரவில் வந்து ஆற்றையே அள்ளிப் போன கொடுமைக்குப் பிறகு, மக்குவேனி மாவட்டம் 2015இல் தனக்கென மணல் பாதுகாப்புச் சட்டம் இயற்றிக்கொண்டது. பாலாற்றங்கரையில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிராது.

எங்கள் தருமபுரியைப் போல அங்கும் பல் கறைபடும் ஃபுளோரைடு சிக்கல் உண்டா? (ஓர் ஆசிரியை)

உண்டு, கடுமையாகவே உண்டு. பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. நக்கூரு, நைவாஷா வட்டாரங்களில் பல ஆழ்துளைக் கிணறுகள் இந்த அளவைத் தாண்டிவிட்டன. அங்கே பழுப்பேறிய பற்களோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பார்ப்பது அரிதன்று. நம் நாட்டில் உருவாகி, நல்கொண்டாவின் பெயரால் வழங்கும் படிகாரம்–சுண்ணாம்பு முறையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நக்கூருவில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் நீர்ப்பிரிவு வேறு வழியில் போனது: மாட்டெலும்பைக் காற்று குறைவாக உள்ள சூளையில் கரியாக்கி, நொறுக்கிச் சலித்து, வடிகட்டியில் நிரப்பினார்கள். எலும்புக்கரி ஃபுளோரைடை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் சில காலத்தில் அது தன் திறனை இழந்துவிடும் என்பதால் புதுக்கரி மாற்ற வேண்டும். மாற்றுவதற்குச் செலவிட வேண்டும். மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று சோதித்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். வடிகட்டி இலவசமாக வந்த ஊர்களில்கூட இந்த மூன்றாவதில்தான் திட்டம் தளர்கிறது.

2013இல் துர்கானா பாலைவனத்துக்கு அடியில் மாபெரும் நீர்நிலை கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததே, அது என்னவாயிற்று? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

அந்த ஆண்டு செப்டம்பரில், செயற்கைக்கோள் ரேடார் தரவுகளைக் கொண்டு லோத்திகிப்பியிலும் லொத்வாரிலும் நிலத்தடி நீர்த்தாங்கிகள் கண்டறியப்பட்டதாக யுனெஸ்கோவும் கென்ய அரசும் அறிவித்தன. அப்போது பேசப்பட்ட கொள்ளளவு 25,000 கோடி கனமீட்டர். நாட்டின் தாகமே தீர்ந்துவிட்டது போல உலகச் செய்தித்தாள்கள் எழுதின. பிறகு லோத்திகிப்பியில் துளையிட்டுப் பார்த்தபோது நீர் வந்தது, ஆனால் குடிக்க முடியாத அளவுக்கு உப்பாக வந்தது. அதைச் சுத்திகரிக்கச் சூரிய மின்சாரமும் வடிகட்டி ஆலையும் வேண்டும். மேய்ச்சல் வாழ்க்கை வாழும், நாட்டிலேயே வறுமை மிகுந்த ஒரு மாவட்டத்தில் அதன் செலவை யார் ஏற்பது? லொத்வார் நகரம், முன்பு போலவே, துர்க்வெல் ஆற்றோரம் உள்ள ஆழம் குறைந்த நீர்த்தாங்கியின் கிணறுகளை நம்பியிருக்கிறது. எவ்வளவு நீர் என்பது முதல் நாளே செய்தியானது. எப்படிப்பட்ட நீர் என்பது பின்பக்கத்தில்கூட வரவில்லை.

அங்கே ஆறு யாருக்குச் சொந்தம்? மேல்மடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் கீழ்மடைக்காரர் எங்கே முறையிடுவது? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்)

சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 2010ஆம் ஆண்டு அரசமைப்பின் 43ஆம் பிரிவு, போதிய அளவில் தூய்மையான, பாதுகாப்பான நீர் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், நாட்டின் எல்லா நீர்வளமும் மக்களுக்காகத் தேசிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது என்கிறது. வீட்டுத் தேவைக்கு எந்தக் கட்டுமானமும் இல்லாமல் மொண்டுகொள்ள அனுமதி வேண்டாம். பம்பு வைத்தாலும் கால்வாய் வெட்டினாலும் நீர்வள ஆணையத்தின் அனுமதி வேண்டும். வழக்குகளுக்கு நீர்த் தீர்ப்பாயம் இருக்கிறது. குடிநீரை மக்களிடம் கொண்டுசேர்ப்பது 47 மாவட்ட அரசுகளின் கடமை.

நடைமுறையை அறிய வடக்கு எவாசோ ங்கிரோ ஆற்றைப் பாருங்கள். கென்யா மலையிலும் அபர்டேரிலும் பிறந்து, சம்புரு, இசியோலோ வழியாக லோரியன் சதுப்புவரை ஓடும் ஆறு அது. மலையடிவாரத்தில் ஐரோப்பியச் சந்தைக்கான காய்கறி, பூப் பண்ணைகளும் சிறு விவசாயிகளின் வாய்க்கால்களும் பெருகிய பிறகு, பிப்ரவரி வாக்கில் கீழே மேய்ச்சல்காரர்களின் மாடுகளுக்கு மணல்தான் மிஞ்சியது. சண்டை மூண்டது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு கிளையாற்றுக்கும் மேல்மடை, நடுமடை, கீழ்மடைக்காரர்கள் சேர்ந்து நீர்ப் பயனாளர் சங்கங்களை அமைத்து, கோடையில் எந்த மதகு எந்த நாளில் திறக்கும் என்று முறை வகுத்துக்கொண்டார்கள். 2002ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் இந்தச் சங்கங்களுக்குச் சட்டப்படி இடம் கொடுத்தது. பெரும் பாசனக்காரர்கள் வெள்ளநீரையே எடுக்க வேண்டும், அதையும் 90 நாள் தேவைக்குத் தங்கள் குளத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் வந்தது. பெரிய பண்ணைகளால் பிளாஸ்டிக் விரித்த குளம் வெட்ட முடிந்தது. அரை ஏக்கர்காரரால் முடியவில்லை. அனுமதியின்றி எடுப்பவர் பட்டியலில் அவரே முதலில் அகப்படுகிறார். ஆற்றுக்காவலுக்கு ஆணையத்திடம் போதிய ஆள் இல்லாததால், சங்கம் வலுவாக உள்ள கிளையாற்றில் விதி நடக்கிறது. சங்கம் சோர்ந்த இடத்தில் பம்பு நடக்கிறது.

வறட்சி என்கிறீர்கள், தொலைக்காட்சியில் வெள்ளத்தைக் காட்டுகிறார்களே? (கோவையிலிருந்து ஒரு மாணவி)

இரண்டும் அடுத்தடுத்து நடந்தவைதான். மார்ச்–மே நீண்ட மழை, அக்டோபர்–டிசம்பர் குறுமழை என்று அங்கே இரு பருவங்கள். 2020இன் இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து பருவங்கள் பொய்த்து, 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. பிறகு 2023இன் இறுதியிலும் 2024இன் நீண்ட மழையிலும் வெள்ளம் வந்தது. 2024இல் மட்டும் சுமார் 300 பேர் இறந்தார்கள். தானா ஆற்றின் மாசிங்கா அணை நிரம்பி வழிய, கீழே கரிசா வட்டாரம் மூழ்கியது. வந்த நீரைப் பிடித்துவைக்கும் இடம் மிகக் குறைவாக இருப்பதால், பெய்தாலும் துன்பம், பெய்யாவிட்டாலும் துன்பம்.

கென்ய ரோஜாவை வாங்காமல் விட்டால் நைவாஷா ஏரி பிழைக்குமா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

கென்யாவின் ரோஜாப் பண்ணைகள் பல சூழ்ந்திருக்கும் நைவாஷா ஏரிக்கு மேற்பரப்பில் வடிகால் இல்லை. நிலத்துக்கு அடியில் கசிந்து வெளியேறுவதால்தான் பள்ளத்தாக்கின் உவர் ஏரிகளுக்கு நடுவே அது நன்னீராக இருக்கிறது. 2009 வறட்சியில் ஏரி வெகுவாக வற்றியபோது பழி முழுவதும் பூப்பண்ணைகள்மீது விழுந்தது. 2020இல் அதே ஏரி பெருகிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அப்போதும் பண்ணைகள் இருக்கத்தான் செய்தன. ஏரியின் ஏற்றத்தாழ்வில் மழையின் கை பெரிது என்றாலும், வற்றும் ஆண்டில் பண்ணைகள் இறைக்கும் நீர் அந்த வீழ்ச்சியை ஆழப்படுத்துகிறது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் மலேவா ஆற்றின் மேட்டுப் பகுதியில் சிறு விவசாயிகள் புல்வரப்பு நட்டு மண்ணரிப்பைத் தடுத்தால், கீழே நீரைப் பயன்படுத்துவோர் அவர்களுக்குப் பொருள் வாங்கும் சீட்டாகத் தொகை தரும் திட்டம் ஒன்று அங்கே நடந்தது. தொகை சிறிதானாலும் போக்கு சரியானது. பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், அந்தப் பண்ணைகளில் கூலி பெறுகிறார்கள் என்பதால் புறக்கணிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பண்ணையின் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றிலும் மீட்டர் இருக்கிறதா, அதன் அளவு வெளியிடப்படுகிறதா என்று வாங்கும் நிறுவனங்கள் கேட்கத் தொடங்கினால், அது ஏரிக்கு அதிகம் உதவும்.